ஏழு ஃபிரேம் வித்தியாசம்

தேதி 2

அன்புள்ள கறார் அம்மணிக்கு,

இங்கே நானும் உன் மகள் வாலுவும் சுகமாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வாய். அதையும் இருமிக்கொண்டே சொல்வாய். அதனால் கேட்கவில்லை. மருந்து வாங்கினாயா இல்லையா என்பதை மட்டும் எழுது.

தினமும் சாயங்காலம் போனில் பேசுகிற ஆளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் வாலு நம் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் காதில் விழக்கூடாத பேச்சு ஒன்று இருக்கிறது. போதாததற்கு, வேலை விஷயம் எழுத்தில்தான் இருக்க வேண்டும், வாயால் சொன்ன எண் காற்றோடு போய்விடும் என்று இந்த வீட்டில் சட்டம் போட்டவளே நீதான்.

முதலில் வீட்டு விஷயம். வாலுவுக்கு மேல்வரிசைப் பல் ஒன்று விழுந்துவிட்டது. நீ வந்து பார்க்க வேண்டும் என்று தீப்பெட்டியில் போட்டுப் பத்திரப்படுத்தியிருக்கிறாள். கணக்கில் எண்பத்து நான்கு. "நல்லாப் படிக்கிறா, வாய்தான் கொஞ்சம் நீளம்" என்றார் வகுப்பாசிரியை. யாரைப்போல என்று நான் சொல்லவில்லை. குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை, அதுவாக நின்றது.

கீழே தையல்காரர் புதிதாக நீராவி இஸ்திரி வாங்கிப் போட்டிருக்கிறார். நீ போன பிறகு வந்தது. அதற்கென்று ஒரு கொதிகலன், நம் வேலை அறைக்கு நேர் கீழே. காலையில் ஆரம்பித்தால் கடை சாத்தும்வரை உஸ் உஸ் என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த அறைத் தரை வெதுவெதுப்பாக இருக்கிறதென்று வாலு பள்ளி விட்டு வந்ததும் அங்கேதான் குப்புறப் படுத்துப் படிக்கிறாள். போன மாதக் கடைசியில் தையல்காரருக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று. எட்டு நாள் கடை சாத்தியிருந்தது. அந்த எட்டு நாளும் எனக்கு நிம்மதியாக வேலை ஓடியது. இப்போது ஆள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டார், உஸ் சத்தமும் வந்துவிட்டது.

இனி வேலை. நம் கிராபிக்ஸ் கார்டு ஒப்பீட்டுப் பட்டியல் இருபதாம் தேதி அச்சுக்குப் போக வேண்டும். விளையாட்டு மையக்காரர் வாரத்துக்கு இரண்டு தடவை மாடியேறி வந்து எங்கே எங்கே என்கிறார். அவர் மையத்தில் இருக்கிற இருபத்து நாலு கம்ப்யூட்டருக்கும் புதுக் கிராபிக்ஸ் கார்டு போடப்போகிறார். நாம் எதைச் சொல்கிறோமோ அதுதான் வாங்குவாராம். அறுநூறு பேர் நம்பிப் படிக்கிற பட்டியல். ஆறு வருஷமாக எந்தக் கார்டுக் கம்பெனியிடமும் ஒரு விளம்பரம்கூட வாங்காமல் நீயும் நானும் நடத்தியது. உனக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

இந்தத் தடவை இரண்டே கார்டு. ஒன்று நீலப் பெட்டி, மற்றது சாம்பல் பெட்டி. கம்பெனிப் பேரைச் சொன்னால் மனசு ஒரு பக்கம் சாயும் என்று பெட்டி நிறத்தால் கூப்பிடுகிற பழக்கம் நாம் வைத்துக்கொண்டது. ஆனால் நீலப் பெட்டி இப்போது நீ வேலை பார்க்கிற கம்பெனியுடையது. எனக்கு அந்த நிறமே ஒரு பேராகிவிட்டது.

பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதை வைத்துப் பார்த்தால் இப்படி. நீலத்துக்கு மெமரி பன்னிரண்டு ஜிபி, சாம்பலுக்கு எட்டு. ஆனால் மெமரிக்கும் சிப்புக்கும் நடுவிலுள்ள பாதை சாம்பலில் அகலம், நீலத்தில் குறுகல். பெரிய கிடங்குக்குச் சின்ன வாசல் வைத்ததுபோல. நீலம் இரண்டு ஃபேன், இருநூறு வாட், கையடக்கம். சாம்பல் மூன்று ஃபேன், இருநூற்று இருபது வாட், செங்கல் கனம். கட்டட வரைபடக்காரர் கொடுத்த பெரிய மாடலை நீலம் பதினோரு நிமிஷத்தில் படமாக்கிக் கொடுத்தது. சாம்பலுக்கு மெமரி போதாமல் திணறிப் பத்தொன்பது நிமிஷம் ஆயிற்று. அதில் சந்தேகத்துக்கே இடமில்லை, வரைபடக்காரருக்கு நீலம்தான்.

சிக்கல் விளையாட்டுச் சோதனையில். வழக்கமான அதே கார் பந்தயம், அதே பாதை, ஐந்து ஓட்டம், முதல் ஓட்டத்தைத் தள்ளிவிட்டு மற்ற நான்கின் சராசரி. உங்கள் கம்பெனி அனுப்பிய மாதிரிக் கார்டு திரையில் நொடிக்கு நூற்றாறு ஃபிரேம் படம் ஓட்டிக் காட்டியது. சாம்பல் நூறு. நீலத்துக்கு நல்ல வெற்றி என்று எழுதி வைத்துவிட்டேன். அப்புறம் நம் விதிப்படி, கம்பெனி கொடுத்த மாதிரியை மட்டும் நம்பாமல், கடையில் போய் சாதாரண ஆள்போல அதே நீலப் பெட்டி ஒன்று வாங்கி வந்து ஓட்டினேன். தொண்ணூற்று ஒன்பது.

நூற்றாறு எங்கே, தொண்ணூற்று ஒன்பது எங்கே. ஒரே பேர், ஒரே எண், ஒரே பெட்டி. சிப்புக்குச் சிப் ஒன்றிரண்டு ஃபிரேம் ஏறும் இறங்கும், அதை நான் பெரிதுபடுத்துகிறவன் இல்லை. ஏழு என்பது அப்படியல்ல. ஏழு இருந்தால் நீலம் ஜெயிக்கிறது, இல்லாவிட்டால் தோற்கிறது.

மாதிரி வந்த பெட்டியின் மேல் ஒட்டிய முத்திரைச் சீட்டில் யார் கையெழுத்து இருக்கிறது என்று உனக்கே தெரியும். மாதிரிப் பிரிவுப் பொறுப்பாளர் என்று போட்டு, கீழே உன் கையெழுத்து. கடைசி எழுத்தை நீ எப்படி இழுப்பாயோ அப்படியே. ஆறு வருஷமாக நம் பட்டியலின் அடியில் நான் பார்த்த கையெழுத்து. அதை வேறொரு பெட்டியின் மேல் பார்த்ததே எனக்குப் பிடிக்கவில்லை, உள்ளே இருந்ததும் இப்படி இருந்தால் நான் என்ன நினைப்பது?

நேராகவே கேட்கிறேன். பட்டியல் எழுதுகிறவர்களுக்கு அனுப்பும் கார்டை மட்டும் அங்கே ஏதாவது முடுக்கிவிடுகிறீர்களா? அது தெரிந்துதான் கையெழுத்துப் போட்டாயா? எடை போடுகிறவள் விற்கிறவன் கடையில் போய் உட்காரக்கூடாது என்று நீ பஸ் ஏறுகிற அன்றைக்கே சொன்னேன். நீ உன் துணிப்பெட்டியைத் தூக்கி பஸ்ஸின் மேல்தட்டில் வைத்தாய். இப்போதாவது பதில் சொல்.

வாலு தூங்குவதற்குமுன் உன் போட்டோவைப் பார்த்துப் பல் விழுந்த இடத்தைக் காட்டுகிறாள். அதையும் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அவசரக்காரன்

•

தேதி 10

அன்புள்ள கறார் அம்மணிக்கு,

உன் பதில் எட்டாம் தேதி வந்தது. நான் மூன்று பக்கம் எழுதினேன். நீ ஒரு முழுத் தாளில் ஒரே வரி எழுதியிருந்தாய். "அறை வெப்பம் எவ்வளவு?" அன்புள்ள என்றும் இல்லை, இப்படிக்கு என்றும் இல்லை.

முதலில் எனக்குக் கோபம் தலைக்கேறியது. மனுஷன் கேட்டது என்ன, இவள் கேட்பது என்ன, பேச்சை மாற்றுகிறாள் என்றே நினைத்தேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய் வாலுவின் சீருடையைத் துவைத்தேன். காலரைத் தேய்த்த தேய்ப்பில் நூல் பிரிந்துவிட்டது.

அப்புறம் நோட்டை எடுத்துப் பார்த்தேன். சோதனை நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் வலது மேல் மூலையில் நீ ஒரு சின்னக் கட்டம் போட்டு வைத்திருப்பாய். அறை வெப்பம். ஆறு வருஷப் பக்கங்களிலும் அந்தக் கட்டத்தில் உன் எழுத்தில் ஓர் எண் இருக்கிறது, இருபத்து நான்கு, இருபத்தைந்து, இருபத்து நான்கு என்று. நீ போன பிறகு உள்ள பக்கங்களில் கட்டம் இருக்கிறது, எண் இல்லை. கட்டத்தை நான் ஸ்கேல் வைத்துத் தவறாமல் போட்டிருக்கிறேன். நிரப்புவது உன் வேலை என்று எனக்குப் பழக்கமாகிவிட்டது. மூன்று மாதமாகக் காலிக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தவனை என்னவென்று சொல்வது?

வெப்பமானியைத் தேடினேன். உன் நாற்காலிக்குப் பின்னால் சுவரில்தான் மாட்டியிருக்கிறது. ஆனால் நாற்காலிமேல் காலிக் கார்டுப் பெட்டிகளை அடுக்கி, அதன்மேல் இன்னும் அடுக்கி, சுவரே தெரியாமல் செய்து வைத்திருந்தேன். இடம் இல்லாததால் அங்கே வைத்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால் காலியாக இருக்கிற நாற்காலியைப் பார்த்துக்கொண்டு வேலை செய்ய முடியவில்லை. எல்லாவற்றையும் இறக்கிக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தால் முப்பத்திரண்டு காட்டியது.

இப்போது நீ சிரிப்பாய். கீழே கொதிகலன், தரை வெதுவெதுப்பு, எட்டு நாள் கடை சாத்தல் எல்லாவற்றையும் என் கையாலேயே உனக்கு எழுதியிருக்கிறேன். எழுதிய எனக்குத்தான் உறைக்கவில்லை. மாதிரிக் கார்டை நான் ஓட்டியது தையல்காரர் கண்ணில் கட்டோடு வீட்டில் படுத்திருந்த வாரம், அறை குளிர்ந்து கிடந்தது. கடைக் கார்டையும் சாம்பலையும் ஓட்டியது அவர் திரும்பி வந்த பிறகு. சத்தம் வேண்டாம் என்று ஜன்னலையும் இழுத்துச் சாத்திக்கொண்டேன். சூடேறினால் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதைப் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். அப்படிப்பட்டவன் ஒரு கார்டை நிழலிலும் இன்னொன்றை வெயிலிலும் ஓடவிட்டு, வெயிலில் ஓடியது இளைக்கிறதே என்று உன்னைக் குற்றம் சொல்லியிருக்கிறேன்.

மறுபடி எல்லாவற்றையும் ஓட்ட வேண்டும் என்றானதும் கீழே போய்த் தையல்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு நாள் காலை மட்டும் கொதிகலனை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். அவர் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "உங்க கார்டுக்கு வேர்க்குதுன்னா எங்கிட்ட முன்னாடியே சொல்லக்கூடாதா" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை, கூடவே மேலே வந்துவிட்டார். அவரையே கார்டு மாட்டுகிற ஆளாக வைத்துக்கொண்டேன்.

ஏனென்றால் இன்னொரு விதியையும் நான் மூன்று மாதமாக விட்டுவிட்டேன். மாட்டுகிறவர் ஒருவர், ஓட்டுகிறவர் ஒருவர். எது எந்தக் கார்டு என்று ஓட்டுகிறவருக்குத் தெரியக்கூடாது. நீ துணி போட்டு மூடிவைப்பாய், நான் எண்ணை மட்டும் எழுதுவேன். நீ போன பிறகு மூன்று காகிதப் பையில் மூன்றையும் போட்டுக் கலைத்துப் பார்த்தேன். தூக்கினாலே எது எது என்று கைக்குத் தெரிந்துவிடுகிறது, அதனால் அதை விட்டுவிட்டேன்.

தையல்காரர் நன்றாகவே செய்தார். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றி வைக்கச் சொன்னேன், அதன் நுனியில் தகரம் இருக்கிறது, கார்டில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும். நான் நடையில் போய் நிற்பேன். அவர் மாட்டி, தம் வெள்ளைத் துணியால் மூடி, ஓரத்தில் தையல் சாக்கட்டியால் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுவிட்டுக் கூப்பிடுவார். பட்டன் தைக்கிற கை என்பதால் கரண்ட் இணைப்பில் ஒரு முள்கூட வளையவில்லை. அறை இருபத்து நான்கு. நானே பார்த்துக் கட்டத்தில் எழுதினேன். என் எண்கள் உன் எண்கள் அளவுக்கு அழகாக இல்லை.

ஒன்று, நூற்றுமூன்று. இரண்டு, நூற்றாறு. மூன்று, நூற்றிரண்டு. துணியை எடுத்துப் பார்த்தால் ஒன்று கடையில் வாங்கிய நீலம், இரண்டு மாதிரி நீலம், மூன்று சாம்பல். மத்தியானம் கொதிகலனைப் போடச் சொல்லி, அறை முப்பத்திரண்டுக்கு ஏறியபின் அதே மூன்றையும் வேறு வரிசையில் ஓட்டினோம். கடை நீலம் தொண்ணூற்று ஒன்பது, மாதிரி நூற்றிரண்டு, சாம்பல் நூறு. இரண்டு ஃபேன் வைத்த நீலம் சூட்டில் நான்கு ஃபிரேம் விடுகிறது. மூன்று ஃபேன் வைத்த சாம்பல் இரண்டுதான் விடுகிறது.

ஆக ஏழில் நான்கு என்னால் வந்தது. நான்கு ஃபிரேமையும் என் முட்டாள்தனத்தையும் உன் தலையில் கட்டினேன். மன்னித்துக்கொள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. அன்றைக்குத் தொண்ணூற்று ஒன்பது என்று திரையில் வந்தபோது எனக்கு உள்ளே சந்தோஷமாக இருந்தது. பார்த்தாயா, நான் சொன்னேனே என்று. நீ போகக்கூடாது என்று நான் சொன்னதற்கு ஒரு எண் கிடைத்துவிட்டது என்று. எண்ணைப் பார்த்ததும் நான் செய்திருக்க வேண்டியது மறுபடி ஓட்டிப் பார்ப்பது. அதைச் செய்யாமல் பேனாவை எடுத்தேன். துணி போட்டு மூடுகிற விதி எதற்கு என்று ஆறு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் எனக்குச் சரியாகப் புரிகிறது. கார்டை மறைப்பதற்கல்ல, நம் ஆசையை மறைப்பதற்கு.

பாக்கி மூன்று ஃபிரேம் இருக்கிறது. குளிரிலும் மூன்று, சூட்டிலும் மூன்று. அதைப்பற்றி இப்போது ஒரு வார்த்தையும் எழுதப்போவதில்லை. இன்னொரு கடையில் இன்னொரு நீலப் பெட்டி வாங்கி ஓட்டிப் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டேன். அவசரக்காரன் என்று நீ வைத்த பேரை இந்த ஒரு தடவையாவது பொய்யாக்கிப் பார்க்கிறேன்.

வாலுவுக்குத் தையல்காரர் மீந்த துணியில் பென்சில் பை தைத்துக் கொடுத்தார். காலரையும் அவரே தைத்தார். நீ இருமுவது நேற்று கொஞ்சம் குறைவாகக் கேட்டது. குறைந்துவிட்டதா, இல்லை போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இருமுகிறாயா?

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
உன் அவசரக்காரன்

•

தேதி 13

அன்புள்ள கறார் அம்மணிக்கு,

முந்தின கடிதத்துக்கு உன் பதில் வருவதற்குள் இதை எழுதுகிறேன். காத்திருந்தால் இருபதாம் தேதி தாண்டிவிடும். இது கோபத்தில் எழுதுவது இல்லை. எழுதி, ஒரு நாள் வைத்திருந்து, காலையில் மறுபடி படித்துத் திருத்தித்தான் தபாலில் போடுகிறேன்.

இரண்டாவது கடைக்குப் போய் நீலப் பெட்டி வாங்கினேன். தையல்காரர் மாட்டினார், துணியால் மூடினார், கொதிகலனை நிறுத்தினார். இருபத்து நான்கு டிகிரியில் நூற்றுமூன்று. முதல் கடைக் கார்டுக்கும் இதற்கும் ஒரு ஃபிரேம்கூட வித்தியாசமில்லை. கடைக் கார்டுகள் இரண்டும் ஒரே அச்சு. மாதிரி மட்டும் மூன்று அதிகம்.

அதன்பிறகு முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். கார்டு எப்படி ஓட வேண்டும் என்று அதற்குள்ளேயே எழுதிவைத்திருக்கும் பயாஸைத் திறந்து பார்த்தேன். கோபத்தில் இருந்தபோது எனக்கு எண் போதுமாக இருந்தது, காரணம் தேடத் தோன்றவில்லை. கடைக் கார்டு இரண்டிலும் பயாஸ் எண் பதினான்கில் முடிகிறது. மாதிரியில் பதினேழில் முடிகிறது. பெட்டியில் அச்சடித்ததுபோலக் கடைக் கார்டு இருநூறு வாட்டுக்கு மேல் போகாது. மாதிரிக்கு இருநூற்றுப் பதினான்குவரை அனுமதி இருக்கிறது. மூன்று ஃபிரேம் அங்கிருந்துதான் வருகிறது. இது சிப்பின் அதிர்ஷ்டம் இல்லை, யாரோ உட்கார்ந்து எழுதியது.

அந்த யாரோ நீ இல்லை என்று எனக்குத் தெரியும். தெரியும் என்பது எண் எதுவும் கையில் இல்லாமல் சொல்வதுதான், ஆனாலும் சொல்கிறேன். முத்திரை ஒட்டுகிற மேஜைக்கு வருவதற்குமுன்பே கார்டுக்குள் என்ன எழுதியிருக்கிறதோ அது எழுதியாகிவிட்டிருக்கும். பெட்டியை ஒட்டுகிறவள் உள்ளே திறந்து பயாஸ் பார்க்க முடியாது. அன்றைக்கு இவ்வளவு தூரம் யோசித்திருந்தால் முதல் கடிதத்தை அப்படி எழுதியிருக்க மாட்டேன்.

ஆனால் இந்த மூன்றை நான் போட்டே ஆக வேண்டும். அதை மறைத்தால் பட்டியலை மூடிவிடலாம். விளையாட்டு மையக்காரர் நேற்று வந்தபோது அவருடைய மையத்துக்கு நானே போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லி வெப்பமானியைக் கழற்றி எடுத்துப் போனேன். இருபத்து நாலு கம்ப்யூட்டரும் ஓடுகிற நேரம், அந்த ஹாலில் முப்பத்து மூன்று. அங்கே நீலம் தொண்ணூற்று ஒன்பதுதான் ஓடும், சாம்பல்தான் அவருக்குச் சரி. மாதிரியையும் காலிக் கட்டத்தையும் நம்பி எழுதியிருந்தால் அவர் இருபத்து நாலு நீலத்தை வாங்கி மாட்டிவிட்டு, நம்மைத் திட்டத்தெரியாமல் கார்டைத் திட்டிக்கொண்டிருப்பார். "நல்லவேளை சார், கொஞ்சம் லேட்டாச்சு" என்றார். லேட்டானதற்கு யார் காரணம் என்று அவருக்குத் தெரியாது.

பட்டியலை எழுதி முடித்துவிட்டேன், நகல் இதோடு வைத்திருக்கிறேன். முதல் பத்தி என் தவறு. முதலில் ஓட்டிய எண்கள் அறை வெப்பம் பார்க்காமல் எடுத்தவை, எல்லாவற்றையும் மறுபடி எடுத்தேன் என்று. இரண்டாவது, குளிர்ந்த அறைக்கு ஒரு வரிசை, சூடான அறைக்கு ஒரு வரிசை. வரைபடக்காரருக்கு நீலம், கூட்டமும் சூடும் உள்ள இடத்துக்குச் சாம்பல், வீட்டில் தனியாக வைத்து விளையாடுகிறவருக்கு எதுவானாலும் சரி. ஓட்டத்தின் நடுவே படம் எப்போதாவது தடுக்குகிறபோது ஃபிரேம் எவ்வளவுக்கு இறங்குகிறது என்கிற அடிமட்ட எண்ணிலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. மூன்றாவது பத்தியில் பயாஸ் எண் இரண்டையும் வாட் இரண்டையும் போட்டு, கம்பெனி அனுப்பிய மாதிரி கடையில் கிடைப்பதைவிட மூன்று ஃபிரேம் வேகம் என்று எழுதியிருக்கிறேன். ஒரு வசவும் இல்லை. உரிச்சொல் எதுவும் வைக்கவில்லை, நீ இருந்தால் அடித்திருப்பாய் என்று நானே அடித்துவிட்டேன்.

நகலின் அடியில் ஒரு இடம் காலியாக விட்டிருக்கிறேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நம் பட்டியலில் யாராவது ஒரு தவறைக் கண்டுபிடித்துச் சொன்னால் அவர் பேரைப் போடுவோம். வாசகராக இருந்தாலும் போடுவோம், போட்டிக்காரராக இருந்தபோதும் போட்டோம். அது நீ கொண்டுவந்த விதி. இந்தத் தடவை தவறைக் கண்டுபிடித்தது நீ. அங்கிருந்துகொண்டு, கார்டைத் தொடாமல், ஒரே வரியில். நியாயப்படி முதல் பத்தியின் அடியில் உன் பேர் வர வேண்டும். ஆனால் அதே பக்கத்தில் இரண்டு பத்தி தள்ளி உன் கம்பெனியின் பயாஸ் எண் இருக்கிறது. உன் பேரைப் போட்டால் உன் மேலாளர் அந்தப் பக்கத்தை எப்படிப் படிப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் இன்னும் இருபத்தொரு மாதம் இருக்கிறது. அந்த வேலைக்கு நீ எவ்வளவு ஆசைப்பட்டுப் போனாய் என்பதும், நான் ஒரு தடவைகூட நல்லபடியாகப் போய்வா என்று சொல்லவில்லை என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

அதனால் கேட்கிறேன். உன் பேரைப் போடட்டுமா? போடு என்றால் போடுகிறேன். வேண்டாம் என்றால் தவறை யார் கண்டுபிடித்தார்கள் என்றே எழுத மாட்டேன், நானே கண்டுபிடித்ததாகவும் எழுத மாட்டேன். மூன்று ஃபிரேம் எப்படியும் இருக்கும், அதை மட்டும் கேட்காதே. அச்சுக்குமுன் அங்கே யாரிடமாவது நீ இதைக் கேட்க வேண்டியிருந்தால் கேட்டுக்கொள், கம்பெனி ஏதாவது பதில் எழுதினால் அதையும் ஒரு எழுத்து மாறாமல் போடுகிறேன். நீ எதைச் சொன்னாலும் இந்த வீட்டில் அதைப்பற்றி அப்புறம் ஒரு பேச்சு வராது. பஸ் ஸ்டாண்டில் பேசியதுபோல் இனிப் பேச மாட்டேன். நீ அங்கே இருந்தால் இருபத்தொரு மாதத்தையும் வாலுவும் நானும் சமாளித்துக்கொள்வோம். வந்துவிட்டால் சந்தோஷம்தான், ஆனால் எனக்காக என்று வராதே.

உன் நாற்காலியில் இருந்த பெட்டிகளை எடுத்தது எடுத்ததுதான், திரும்ப அடுக்கவில்லை. வாலு அதில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, தினமும் காலையில் வெப்பமானியைப் படித்துச் சொல்கிறாள். நான் கட்டத்தில் எழுதுகிறேன். இன்று இருபத்தாறு. ஞாயிற்றுக்கிழமை, கீழே கடை விடுமுறை.

நேற்று போனில் நீ வாலுவிடம் சொன்னதைக் கேட்டேன். உங்கள் விடுதியில் ஏ.சி.யை யாரும் குறைக்க முடியாதாம், எல்லா அறைக்கும் சேர்த்து எங்கேயோ வைத்திருக்கிறார்களாம், நீ இரண்டு போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிறாயாம். மூன்று மாதமாக அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு மருந்து வாங்கினாயா என்று மட்டும் விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். நீ என்னிடம் முதலில் கேட்ட கேள்வியை நான் உன்னிடம் கேட்கவேயில்லை.

பேர் விஷயத்துக்குப் பதில் பத்தொன்பதாம் தேதிக்குள் வந்தால் போதும். இதற்கு மட்டும் கடிதம் கிடைத்த அன்றைக்கே எழுது, ஒரு வரி போதும்.

உன் அறை வெப்பம் எவ்வளவு?

இப்படிக்கு,
உன் அவசரக்காரன்